கடலில் போட்டால் போச்சா?

கடற்கரைக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலைப் பார்ப்பதில்லை. சுண்டலைப் பார்க்கிறார்கள், பலூன் சுடுகிறார்கள், அடுத்த ஜோடி எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். அடுத்த தடவை போனால் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, அலை அதிகமில்லாத இடமாகப் பார்த்து, கணுக்கால் தண்ணீரில் நின்று கீழே பாருங்கள். மணல் வரிவரியாக இருக்கும். கட்டை விரலால் ஒரு வரியை அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றால், அழித்த இடத்தில் மறுபடி வரி விழ ஆரம்பிக்கும்.

அலை முன்னும் பின்னும் ஆடுவதால் விழுகிற வரி இது. இரண்டு பக்கச் சரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரே திசையில் ஓடுகிற தண்ணீர் போடும் வரி வேறு தினுசு. தண்ணீர் வருகிற பக்கம் சாய்வாகவும், போகிற பக்கம் செங்குத்தாகவும் இருக்கும். வற்றிப்போன ஆற்றில் இறங்கிப் பார்த்தால் தெரியும். ஆற்றில் தண்ணீரே இல்லாவிட்டாலும் கடைசியாக வந்த தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று மணலைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்தச் சமாசாரத்துக்கு விஞ்ஞானி தேவையில்லை. ஆற்றங்கரையில் மாடு மேய்க்கிறவருக்கே தெரியும். ஆனால் இதே வரிகளை நாலைந்து கிலோமீட்டர் ஆழத்தில், சூரியன் என்றால் என்னவென்றே தெரியாத இருட்டில், ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் பார்த்தபோது விஞ்ஞானிகள் கொஞ்சம் நெளிந்தார்கள்.

காரணம், ஆழ்கடலின் தரை அசையாது என்பதுதான் ரொம்ப காலம் அவர்களுடைய கட்சி. மேலேயிருந்து செத்த நுண்ணுயிர்களின் ஓடும், காற்றில் வந்த பாலைவனத் தூசியும் பனி மாதிரி மெதுவாக இறங்கும். ஆயிரம் வருஷத்துக்கு ஒரு சில சென்டிமீட்டர் என்று படியும். படிந்தது படிந்தபடி கிடக்கும். என்னை மாதிரி பி.காம்.காரனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், டார்மன்ட் அக்கவுன்ட். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், எடுக்க ஆள் வராது.

அந்த அக்கவுன்ட்டில் யாரோ கை வைக்கிறார்கள் என்று முதலில் காட்டிக்கொடுத்தது தந்திக் கம்பி.

1929 நவம்பர் 18. வால் ஸ்ட்ரீட் சரிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஷேர் விலையும், கூடவே ஒப்பாரியும், கடலடிக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. அன்று சாயங்காலம் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே, கிராண்ட் பேங்ஸ் என்கிற கடல்மேட்டின் ஓரத்தில் 7.2 அளவில் ஒரு பூகம்பம். (பேங்ஸ் என்றால் நம்ம பேங்க் இல்லை, ஆழம் குறைந்த, மீன் நிறைந்த மேடு.) சுனாமி வந்து 28 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒரு கொடுமை, பாதிக்கப்பட்ட ப்யூரின் தீபகற்பத்துக்குப் போகிற தரைவழித் தந்திக் கம்பி முன்பே புயலில் அறுந்திருந்தது. மூன்று நாள் கழித்து வழக்கமான கப்பல் வந்து சேர்ந்த பிறகுதான் வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

கடலுக்கடியில் 12 கேபிள்கள் அறுந்தன. பூகம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தவை உடனே அறுந்தன, அது நியாயம். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக, ஆழம் குறைந்த இடத்திலிருந்து ஆழத்தை நோக்கி, க்யூவில் நின்று அறுந்தன. கடைசிக் கேபிள் போனபோது பூகம்பம் முடிந்து 13 மணி 17 நிமிஷம் ஆகியிருந்தது. கேபிள் கம்பெனிக்காரர்கள் கணக்கில் கெட்டி. சிக்னல் நின்ற நிமிஷம் நோட்டில் ஏறிவிடும். கரையிலிருந்தபடியே மின்தடையை அளந்து எத்தனையாவது மைலில் அறுந்தது என்றும் சொல்லிவிடுவார்கள்.

நேரம் இருக்கிறது, தூரம் இருக்கிறது. வேகம் என்ன? எட்டாம் கிளாஸ் கணக்கு. இதை ஒழுங்காகப் போட்டு விடையைப் பிரசுரித்தது 1952-ல். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமான்ட் ஆய்வகத்தில் இருந்த மாரிஸ் யூயிங்கும், அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இருபத்தெட்டு வயது புரூஸ் ஹீஸனும் சேர்ந்து போட்டார்கள். பூகம்பத்தில் சரிந்த சேறு தண்ணீரோடு கலந்து, கனத்த குழம்பாகி, கடலடிச் சரிவில் உருண்டு ஓடியிருக்கிறது. போகிற வழியில் கேபிளை ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறது என்றார்கள். ஆரம்ப வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர் என்று அவர்கள் கணக்கு. பின்னால் வந்தவர்கள் அதை அறுபது, எழுபதாகக் குறைத்தார்கள். குறைத்தாலும் என்ன, நம்ம டவுன் பஸ்ஸை விட வேகம்தான்.

இதெல்லாம் தந்தி காலத்துக் கதை என்று விட்டுவிடாதீர்கள். 2020 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு எதிரே இதே மாதிரி ஒரு சேற்று வெள்ளம் கடலுக்கடியில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. வழியில் இரண்டு கேபிள்களை அறுத்து, பல ஆப்பிரிக்க நாடுகளில் இன்டர்நெட்டைப் படுக்கவைத்தது. நீங்கள் ஆபீஸில் அனுப்புகிற மெயில் சாட்டிலைட் வழியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை. கண்டம் தாண்டிப் போகிறதில் பெரும்பங்கு இந்தச் சேற்றின் மேல் கிடக்கிற கண்ணாடி நூலில்தான் போகிறது.

*

ஹீஸன் இத்தோடு நிறுத்தியிருந்தாலே பேர் வாங்கியிருப்பார். அவர் அடுத்துப் பிடித்தது நேர் எதிரான ஆளை. மேலே சொன்ன சேற்று வெள்ளம் மலையிலிருந்து உருண்டு விழுகிற பாறை மாதிரி. எப்போதோ ஒருமுறை வரும், ரகளை செய்யும், போய்விடும். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எதிரே கேமராவை இறக்கி எடுத்த படங்களில் சேற்று வரிகள் சரிவுக்குக் கீழ்நோக்கிக் காட்டவில்லை. சரிவின் குறுக்காகக் காட்டின. மலையின் இடுப்பைச் சுற்றி, மட்டம் மாறாமல் வாய்க்கால் வெட்டியிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு நீரோட்டம் அங்கே இருந்தால்தான் அப்படி வரி விழும். படங்களில் சிறு கல்லுக்குப் பின்னால் வால் மாதிரி சேறு ஒதுங்கியிருந்தது. எல்லாம் ஒரே பக்கம்.

அப்படி ஒரு நீரோட்டம் இருக்கிறதா? இருக்க வேண்டும் என்று ஹென்றி ஸ்டோமல் என்கிற அமெரிக்கர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். பார்த்தது இங்கிலாந்துக்காரர் ஜான் ஸ்வாலோ. இவர் செய்த கருவி எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டடத்துக்குச் சாரம் கட்ட உபயோகிக்கிற அலுமினியக் குழாயை வெட்டி, இரண்டு முனையையும் அடைத்து, உள்ளே பேட்டரியும் ஒலி எழுப்பும் சாதனமும் வைத்தார். எடையைச் சரிபார்த்துப் போட்டால் வேண்டிய ஆழத்தில் போய் நின்றுகொண்டு, அங்கே தண்ணீர் போகிற பக்கம் போகும். மேலே கப்பலில் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேட்டபடி பின்தொடர வேண்டியது. 1957-ல் தென் கரோலினாவுக்கு எதிரே போட்டுப் பார்த்தார்கள். மேலே கல்ஃப் ஸ்ட்ரீம் என்கிற வெந்நீர் ஆறு வடகிழக்கே பாய்ந்துகொண்டிருந்தது. கீழே குழாய்கள் சமர்த்தாகத் தெற்கே போயின.

இதன் பிறப்பிடம் கிரீன்லாந்துப் பக்கம். அங்கே கடல்நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்குகிறது. இறங்கியது தெற்கே நகர்கிறது. பூமி சுழல்வதால் வட பாதியில் ஓடுகிற எதுவும் வலது பக்கம் ஒதுங்கப் பார்க்கும். தெற்கே போகிற தண்ணீருக்கு வலது பக்கம் அமெரிக்கக் கண்டம். அதனால் கண்டத்தின் அடிச்சரிவில் தோளை உரசிக்கொண்டே போகிறது. வேகம்? நொடிக்குப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர். தவழ்கிற குழந்தை தோற்கடித்துவிடும். ஆனால் குழந்தை தூங்கும், இது தூங்காது. லட்சக்கணக்கான வருஷமாக ஷிஃப்ட் மாறாமல் ஓடுகிறது. நுண்ணிய சேற்றைத் தூக்கிப் போய், வேகம் தளர்கிற இடத்தில் இறக்கிவைக்கிறது. அப்படி இறக்கிவைத்த மேடுகளைப் பின்னால் அளந்து பார்த்தார்கள். ஐஸ்லாந்துக்குத் தெற்கே கார்டார் என்று ஒரு மேடு இருக்கிறது. நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வெறும் சேற்றைச் சேர்த்துச் சேர்த்து நீரோட்டம் கட்டிய குன்றுத்தொடர். எந்த பி.டபிள்யூ.டி. கான்ட்ராக்டரும் இவ்வளவு மண்ணை நகர்த்தி பில் போட்டதில்லை.

1966-ல் ஹீஸன், சார்லஸ் ஹாலிஸ்டர், வில்லியம் ரடிமன் மூவரும் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார்கள். கண்டத்தின் அடிச்சரிவைச் செதுக்குவதில் இந்த இடுப்புச் சுற்றும் நீரோட்டத்துக்குத்தான் பெரிய பங்கு என்றார்கள். சேற்று வெள்ளத்தைக் கண்டுபிடித்த ஆளே அந்த வெள்ளத்தின் பங்கைக் குறைத்துப் பேசுகிறாரே என்று எதிர்த்தவர்கள் உண்டு. வாதம் வருஷக்கணக்கில் நடந்தது. உண்மையில் இரண்டும்தான் வேலை செய்கின்றன. வெள்ளம் கொண்டுவந்து கொட்டுவதை நீரோட்டம் வாரி வேறு இடத்தில் வைக்கிறது.

ஹாலிஸ்டரைப் பற்றி இரண்டு வரி. அதே 1966 டிசம்பரில் அன்டார்க்டிகாவின் உச்சியான வின்சன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய பத்துப் பேர் கொண்ட அமெரிக்கக் குழுவில் இவரும் ஒருவர். அந்த மலையின் உயரம் 4,892 மீட்டர். இவர் சாகும்வரை கட்டிக்கொண்டு அழுத சேறு கிடந்த ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவே. சிலருக்கு நடுவில் இருப்பதெல்லாம் போரடிக்கும் போல.

எழுபதுகளின் கடைசியில் இவரும் கூட்டாளிகளும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு எதிரே 4,800 மீட்டர் ஆழத்தில் ஒரு இடத்தைப் பிடித்தார்கள். கேமரா, நீரோட்டமானி, கலங்கல் அளக்கும் கருவி எல்லாவற்றையும் இறக்கி, மாதக்கணக்கில் அங்கேயே விட்டுவைத்தார்கள். கிடைத்தது யாரும் எதிர்பார்க்காத சமாசாரம். வருஷத்தில் சில தடவை அந்த ஆழத்தில் புயல் அடிக்கிறது. நிஜமான புயல். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். தரையில் கிடக்கிற சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கிவிடும். சில நாளிலிருந்து ஓரிரு வாரம் வரை நீடிக்கும். அப்புறம் ஓயும். ஓய்ந்த பிறகு எடுத்த போட்டோவில், முன்பிருந்த புழுப் புற்றுகளும் நண்டுத் தடங்களும் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி காணாமல் போய், புதிதாக வரி விழுந்திருக்கும். மேலே கல்ஃப் ஸ்ட்ரீம் நெளியும்போது உண்டாகிற சுழல்களின் சக்தி அடி வரைக்கும் எட்டுகிறது என்பது விளக்கம். ஐந்து கிலோமீட்டர் தண்ணீர் நடுவில் இருந்தும் மாடியில் நடக்கிற சண்டை கீழ்வீட்டுக்குக் கேட்கிறது.

*

இதை என் சித்தப்பாவிடம் சொன்னேன். பேங்க்கில் முப்பத்திநாலு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். எதையும் சந்தேகத்தோடு கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவர்.

"சரிடா, கீழே சேறு நகர்ந்தா எனக்கென்ன, உனக்கென்ன? ரேஷன் கார்டுல பேர் மாறிடுமா?"

"அப்படியில்ல சித்தப்பா. அசையாதுன்னு நம்பி மனுஷன் அங்க என்னென்னவோ கொண்டுபோய் வெச்சிருக்கான்."

"கடல்ல போட்டா போச்சுப்பா. அவ்வளவு பெரிய கடல்."

"உங்க பேங்க்ல ஒருத்தர் பொட்டியைக் கொண்டுவந்து, உள்ள என்னன்னு கேக்காதீங்க, லாக்கர்ல வைங்க, சாவி வேண்டாம், இனிமே வரமாட்டேன்னு சொன்னா வெப்பீங்களா?"

சித்தப்பா பேப்பரை மடித்து வைத்தார். "எவன் அப்படி வெச்சான்?"

ஐரோப்பாதான். 1949-லிருந்து 1982 வரை வடகிழக்கு அட்லாண்டிக்கில், நாலு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், அணுக்கழிவு அடைத்த பீப்பாய்களைக் கப்பலிலிருந்து உருட்டிவிட்டார்கள். மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேல். இங்கிலாந்து, பிரான்ஸ், பெல்ஜியம் என்று பல நாடுகள். சுவிட்சர்லாந்தும் உண்டு, கடற்கரையே இல்லாத நாடு, அடுத்தவன் வாசலில் குப்பை கொட்ட வண்டி பிடித்துப் போன மாதிரி. வீரியம் அதிகமான கழிவைக் கொட்டக் கூடாது என்று 1972-ல் லண்டன் ஒப்பந்தம் வந்தது. வீரியம் குறைந்ததற்கும் 1993-ல் தடை போட்டார்கள். பீப்பாய்கள் அடிவரை பத்திரமாகப் போய்ச் சேருவதற்காகச் செய்தவை. காலாகாலத்துக்கும் தாங்க அல்ல. மெதுவாகக் கசிந்து கடலில் கரைந்துபோகும் என்பதுதான் திட்டமே.

2025 ஜூனில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அந்த இடத்துக்கு ஒரு தானியங்கி நீர்மூழ்கியை எடுத்துப்போய்த் தேடினார்கள். 3,000-க்கு மேற்பட்ட பீப்பாய்களின் இருப்பிடத்தை சோனாரில் பிடித்தார்கள். தண்ணீர், சேறு, உயிரினம் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த இடம் ஹாலிஸ்டர் புயல் பார்த்த இடமல்ல, அட்லாண்டிக்கின் எதிர்ப்பக்கம். அதற்காக அங்கே தண்ணீர் கைகட்டி நிற்கிறது என்று அர்த்தமில்லை. அதனால்தான் கசிந்தது சேற்றோடு ஒட்டிக்கொண்டு எங்கே போகும் என்பதும் இப்போது ஒரு கேள்வி. பீப்பாய்களை உருட்டிவிட்ட காலத்தில் இந்தக் கேள்விக்கு ஃபைலில் காலம்கூட இருந்திருக்காது.

இதில் வேடிக்கை, ஹாலிஸ்டரே அணுக்கழிவைக் கடலடியில் புதைக்கலாம் என்று சொன்னவர். கொட்டக் கூடாது, புதைக்க வேண்டும். அதுவும் புயல் எட்டாத இடமாகப் பார்த்து, சேற்றுக்குள் ஆழமாக. அப்படி ஒரு இடத்தை வட பசிபிக்கின் நடுவில் காட்டினார். அங்கே துளைபோட்டு எடுத்த செங்களிமண்ணில் 6.5 கோடி வருஷத்துப் படிவு, அடுக்கு கலையாமல் இருந்தது. டைனோசார் போனதிலிருந்து யாரும் தொடாத ஏடு. அமெரிக்க அரசு அந்த ஆராய்ச்சிக்கான பணத்தை 1986-ல் நிறுத்தியது. 1998-ல்கூட அவர் அதற்காக வாதாடி எழுதினார். அடுத்த வருஷம் மலைப்பகுதியில் நடக்கப் போனவர் விழுந்து இறந்துபோனார். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஆனால் அவர் வாதத்தை மதிக்கிறேன். எங்கே புயல் அடிக்கிறது என்று பார்த்து வைத்திருந்தவருக்குத்தானே எங்கே அடிக்காது என்று பேச அருகதை.

சித்தப்பா சமாதானமாகவில்லை. "அது வெள்ளைக்காரன் பண்ணது. நாம என்ன போட்டோம்?"

சட்டையைப் போட்டோம்.

2020-ல் இயன் கேன் என்கிற மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் குழுவினரும் இத்தாலிக்கு மேற்கே இருக்கிற டிரீனியன் கடலின் அடிச்சேற்றைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு இடத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள சேற்றில் 19 லட்சம் பிளாஸ்டிக் துணுக்குகள் இருக்கும் என்று கணக்கு வந்தது. கேரி பேக்கோ பாட்டிலோ இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துணுக்குகள். பெரும்பாலும் துணியிலிருந்து வந்த இழைகள். பாலியஸ்டர் சட்டையைத் துவைக்கும்போது பிரிகிற நூல் சாக்கடையில் போகிறது, சாக்கடை ஆற்றில் போகிறது, ஆறு கடலுக்குப் போகிறது. அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டால் எல்லோரும் கையை விரிப்பார்கள். கடலில் சேர்கிற பிளாஸ்டிக்கில் மேலே மிதப்பது ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. மிச்சத்தின் கணக்கு டாலி ஆகவே இல்லை.

கேன் குழுவுக்குக் கிடைத்த முக்கியமான தகவல் 19 லட்சம் அல்ல, அது இருந்த இடம். கரைக்குப் பக்கத்தில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி இல்லை. அறுநூறிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் கடலடிச் சரிவை உரசுகிற மட்டத்தில் குவிந்திருந்தது. சேற்றைச் சேர்த்து மேடு கட்டுகிறதே, அதே நீரோட்டம் இழைகளையும் சேர்த்து அதே மேட்டில் வைத்திருக்கிறது. அதற்கு வண்டலும் பாலியஸ்டரும் ஒன்றுதான். எடையும் உருவமும் மட்டும் பார்க்கும்.

அந்த நீரோட்டத்துக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. ஆழத்தில் இருக்கிற பவளம், கடற்பஞ்சு, புழு எல்லாவற்றுக்கும் பிராணவாயுவும் தீனியும் கொண்டுபோய்க் கொடுப்பது அதுதான். அதனால் நீரோட்டம் எங்கே பொருளை இறக்குகிறதோ அங்கேதான் ஜீவராசிகளும் கூடுகின்றன. தீனியோடு இழையும் வருகிறது. பொறுக்கிப் பிரித்துச் சாப்பிட அவற்றுக்குக் கையில்லை.

சித்தப்பா எழுந்து போய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் டி-ஷர்ட்டின் காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்தார்.

"நூறு பர்சன்ட் பாலியஸ்டர்னு போட்டிருக்கு."

"ஆமா சித்தப்பா. ஆபர்ல மூணு எடுத்தேன்."

"எத்தனை தடவை துவைச்சிருப்பே?"

வாரம் ஒருமுறை, இரண்டு வருஷம். மூன்று டி-ஷர்ட். கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.